நூறு கிலோமீட்டர் நாற்காலி

தினசரி நெடும்பயணத்துக்கு செடான் வாங்கும் முன் போட்டுப் பார்க்க வேண்டிய சில கணக்குகள்

1990களில் நடுத்தர வர்க்க இந்தியருக்கு டிக்கி நீட்டிக்கொண்டிருந்தால்தான் அது கார். 1994-ல் மாருதி எஸ்டீம், 1995-ல் டேவூ சியலோ, 1998-ல் ஹோண்டா சிட்டி என்று வரிசையாக வந்த வண்டிகள் வாசலில் நின்றாலே தெருவில் அந்தஸ்து ஏறியது. அந்த இடத்தை இப்போது உயரமான எஸ்.யூ.வி.க்கள் பிடித்துக்கொண்டன. டொயோட்டா யாரிஸ் 2021-லும் மாருதி சியாஸ் 2025-லும் விடைபெற்ற பிறகு நடுத்தர செடான் களத்தில் முக்கியமாக மிஞ்சியவை நான்கு: ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ்.

ஊரெல்லாம் கைவிட்டாலும் ஒரு கூட்டத்துக்கு செடான் இன்னும் பொருத்தமான வண்டிதான். சோனிபட்டிலிருந்து தில்லிக்கும், மீரட்டிலிருந்து நொய்டாவுக்கும், பன்வேலிலிருந்து மும்பைக்கும் தினமும் போய்த் திரும்பும் கூட்டம் அது. ஒரு வழிக்கு 50 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 100 கி.மீ. மாதம் 22 வேலை நாள் என்றால் ஆண்டுக்கு 26,400 கி.மீ. பயணத்துக்கு தினம் 3 மணி நேரம் போகிறது என்றால் ஆண்டுக்கு 792 மணி. அதாவது 33 முழு நாட்கள், இரவும் பகலுமாக, ஒரே நாற்காலியில். ஷோரூமில் கண்ணைப் பறிக்கும் திரையையும் சன்ரூஃபையும் விட இந்த 33 நாட்கள்தான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும்.

செடானுக்கு ஆதரவாக இயற்பியலே வாதாடுகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறும். 80 கி.மீ. வேகத்தில் இருப்பதைவிட 100-ல் அது 56 சதவீதம் அதிகம். காற்றில் மோதும் முகப்பு சிறிதாக இருக்கும் தாழ்வான வண்டிக்கு அதனால் பெட்ரோல் மிச்சம். எடை தரையோடு ஒட்டியிருப்பதால் வளைவுகளில் சாய்வதும் குறைவு. பின்னால் அமர்ந்த குழந்தைக்குக் குமட்டலும் குறையும்.

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு. மழைக்காலத்தில் தேங்கும் தண்ணீரும், அளவு முறையின்றிப் போட்ட வேகத்தடைகளும் தாழ்ந்த வண்டிக்கு எதிரிகள். முழங்கால் வலியுள்ள அம்மாவோ மாமனாரோ குனிந்து இறங்கி உட்காருவதும், மறுபடி எழுந்து வெளியே வருவதும் சிரமம். ஸ்லாவியா, விர்ட்டஸ் இரண்டுக்கும் அடித்தளம் தரையிலிருந்து 179 மி.மீ. உயரம், செடானுக்கு அது தாராளம். மூத்தவர்கள் வாரம் ஒருமுறைதான் ஏறுவார்களா, தினமுமா என்பதை வீட்டில் பேசிவிட்டே முடிவு செய்வது நல்லது.

அடுத்தது எரிபொருள். நெடும்பயணம் என்றாலே டீசல் என்ற பழைய வாய்ப்பாடு இந்த வகையில் செல்லாது. 2023-ல் புகை விதிகள் இறுகியபோது சிட்டியும் வெர்னாவும் டீசலைக் கைவிட்டன. மிஞ்சியது பெட்ரோலும், பெட்ரோலோடு மின்மோட்டார் சேர்ந்த ஹைபிரிட் சிட்டியும்தான். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் மைலேஜ் சற்று இறங்கத்தான் செய்யும்.

ஹைபிரிட் கட்டுப்படியாகுமா? நெரிசலும் நெடுஞ்சாலையும் கலந்த பாதையில் சாதாரண பெட்ரோல் கார் லிட்டருக்கு 13 கி.மீ.யும் ஹைபிரிட் 20 கி.மீ.யும் தருவதாக வைத்துக்கொள்ளலாம். 26,400 கி.மீ.க்கு முன்னதற்கு சுமார் 2,030 லிட்டர், பின்னதற்கு 1,320. லிட்டர் 100 ரூபாய் என்றால் ஆண்டுக்கு மிச்சம் சுமார் ரூ.71,000. விலை வித்தியாசம் 4 லட்சமாக இருந்தால் அதை மீட்க ஏறக்குறைய ஐந்தரை ஆண்டுகள் பிடிக்கும். வாரம் இரண்டு நாள் மட்டும் அலுவலகம் போகிறவருக்கு இதே கணக்கு பத்தாண்டைத் தாண்டிவிடும். இன்னொன்று: பேட்டரிக்கு இடம் விட்டதில் ஹைபிரிட் சிட்டியின் டிக்கி 506 லிட்டரிலிருந்து 306 ஆகச் சுருங்கியது. தீபாவளிக்கு ஊருக்குப் போகும் குடும்பம் பெட்டிகளை எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மைலேஜில் மிச்சம் பிடிப்பவர்கள் கோட்டைவிடும் இடங்களும் உண்டு. 4 ஆண்டு அல்லது 1 லட்சம் கி.மீ. என்று எழுதிய வாரண்டி இவர்களுக்கு நான்காண்டு முடிவதற்குள்ளேயே தீர்ந்துவிடும். ஆகவே ஆண்டைவிட கிலோமீட்டர் வரம்பைப் பார்க்க வேண்டும். 10,000 கி.மீ.க்கு ஒரு சர்வீஸ் என்றால் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ஒர்க்‌ஷாப் படியேற வேண்டும். 15,000 என்றால் பெரும்பாலும் இரண்டுக்கு மேல் போகாது. 2025 ஆகஸ்ட் 15 அன்று ரூ.3,000-க்கு அறிமுகமான ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸும் அப்படித்தான். பெயர் வருடாந்திரம், வரம்பு 200 பயணங்கள். ஒரு சுங்கச் சாவடியை தினம் இருமுறை கடப்பவருக்கு 100 வேலை நாளில் தீர்ந்துவிடும். அப்போதும் ஒரு கடப்புக்கு 15 ரூபாய்தான் என்பதால் லாபமே. ஆனால் தேசிய நெடுஞ்சாலைகளில்தான் செல்லும். மாநில அரசின் மும்பை-புனே விரைவுச் சாலையில் அதைக் காட்டிப் பயனில்லை.

கியர் விஷயத்தில் தாராளமாக இருப்பதே புத்திசாலித்தனம். நின்று நின்று நகரும் நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் கெஞ்சும். ஆட்டோமேட்டிக்குக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் கடைசியில் எலும்பு மருத்துவருக்குப் போகாமல் மிஞ்சலாம். அதிலும் வகைகள் உண்டு. சி.வி.டி. நெரிசலில் வழுக்கிக்கொண்டு போகும். முந்தும்போது எஞ்சின் இரைச்சலாகக் கத்தும். இரட்டை கிளட்ச் நெடுஞ்சாலையில் துள்ளும். ஊர்ந்து செல்லும் போக்குவரத்தில் சூடேறக்கூடும். பாதையில் எது அதிகமோ அதற்கேற்ப எடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல் உயிர். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஸ்லாவியாவும் விர்ட்டஸும் 2023 ஏப்ரலில் ஐந்து நட்சத்திரம் பெற்றன. அக்டோபரில் வெர்னாவும் பெற்றது. நல்ல செய்திதான். ஆனால் அதன் முன்மோதல் சோதனை நடப்பது 64 கி.மீ. வேகத்தில். 100-ல் போகும் அதே காரின் மோதல் ஆற்றல் ஏறத்தாழ 2.4 மடங்கு. நட்சத்திரங்கள் அந்த வேகத்துக்கு உத்தரவாதம் தரவில்லை.

2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். சீட் பெல்ட் அணியாமல் இறந்த 16,715 பேரில் ஓட்டுநர்கள் 8,384; பயணிகள் 8,331. ஏறக்குறைய சரிபாதி. அதே ஆண்டு செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பலியானபோது அவர் இருந்தது விலையுயர்ந்த ஜெர்மன் காரின் பின் சீட்டில். பெல்ட் அணியவில்லை என்றது போலீஸ். அதன் பிறகும் பின் சீட் பெல்ட் பல வீடுகளில் அலங்காரப் பொருளாகவே தொங்குகிறது.

டெஸ்ட் டிரைவ் என்ற பெயரில் ஷோரூமைச் சுற்றிப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டுக் கைகுலுக்குவது, பொட்டுக்கடலை வாங்குவதற்கான சோதனை. கேட்டால் ஒரு மணி நேரம் தருவார்கள். தரத் தயங்கினால் வேறு டீலரிடம் போகலாம். அலுவலக நேரத்தில், தினம் போகும் அதே பாதையில், குடும்பத்தோடு ஓட்ட வேண்டும். தொடைக்கு சீட் தாங்கல் கொடுக்கிறதா, ஸ்டியரிங் மேலும் கீழும் மட்டுமின்றி முன்னும் பின்னும் நகருகிறதா, பின் சீட்டுக்கு ஏ.சி. எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இருட்டிய பின் ஒரு சுற்று போனால் முகப்பு விளக்கின் லட்சணமும் தெரிந்துவிடும். ஸ்டெப்னி மற்ற டயர்களின் அளவிலேயே இருக்கிறதா என்பதையும் டிக்கியைத் திறந்து பார்ப்பது நல்லது. சிறியது என்றால் அது பஞ்சர் கடை வரை மட்டுமே தாங்கும்.

டெலிவரி நாளில் விற்பனையாளர் இலவசமாக சீட் கவர் போட்டுத் தர முன்வருவார். அது பக்கவாட்டு ஏர்பேக் விரியும் இடத்தை மூடுகிறதா, பின் சீட் பெல்ட்டின் கொக்கியைப் புதைக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு அப்புறம் சாவியை வாங்கலாம். 15 லட்சம் கொடுத்து வாங்கும் பாதுகாப்பை இலவச துணி ஒன்று மூடிவிடக் கூடாது.