நைட்ரஸ் ஆக்சைடு: சீனா வேகத்தைக் குறைத்தது, இந்தியா எப்போது? ஆம்பூர் டேனரிக்கும் இதில் பங்கு உண்டா?

ஆம்பூர் வழியாகப் போனவர்களுக்கு டேனரி வாடை பழக்கம். ஆனால் மூக்குக்கே தெரியாத ஒரு வாயுவும் கழிவுநீரிலிருந்து கிளம்புகிறது. அதுதான் நைட்ரஸ் ஆக்சைடு. பல் டாக்டர்கள் பயன்படுத்தும் அதே 'சிரிப்பூட்டும் வாயு'. வளிமண்டலத்தில் 100 ஆண்டுகளுக்கு மேல் தங்கும். புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட 273 மடங்கு வலிமையானது. ஓசோன் படலத்தையும் அரிக்கும்.

யார் முதலிடம்?

குளோபல் கார்பன் புராஜெக்ட் 2024-ல் வெளியிட்ட கணக்கின்படி, மனிதர்களால் வெளியாகும் நைட்ரஸ் ஆக்சைடு 1980 முதல் 2020 வரை 40% கூடியிருக்கிறது. 2020-ல் சீனாவின் பங்கு 16.7%, இந்தியாவின் பங்கு 10.9%. அப்போது இரு நாடுகளின் மக்கள்தொகையும் ஏறக்குறைய சமம். அதாவது, தலைக்கணக்கில் நாம் சீனர்களில் மூன்றில் இரண்டு பங்குதான்.

சரி, அப்போ நாம நிம்மதியா இருக்கலாமா? முடியாது. 2010-களின் நடுப்பகுதியிலிருந்து சீனாவில் வளர்ச்சி வேகம் தணிந்துவிட்டது. இந்தியாவில் ஏறுமுகம் நிற்கவில்லை.

வித்தியாசம் எங்கே?

மனிதர்களால் வெளியாகும் இந்த வாயுவில் முக்கால் பங்கு விவசாயத்திலிருந்து வருகிறது. பயிர் எடுத்தது போக மிஞ்சும் நைட்ரஜனை மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் வாயுவாக மாற்றுகின்றன. 2020-க்குள் உரப் பயன்பாட்டு வளர்ச்சியைப் பூஜ்ஜியமாக்கும் திட்டத்தை 2015-ல் சீனா அறிவித்தது. அப்போது சுமார் 6 கோடி டன்னாக இருந்த ரசாயன உரப் பயன்பாடு, 2020-ல் சுமார் 5.25 கோடி டன்னாகக் குறைந்தது.

இந்தியாவும் 2015-ல் யூரியாவுக்கு வேப்பெண்ணெய்ப் பூச்சைக் கட்டாயமாக்கியது. ஆனாலும் 2014-15-ல் சுமார் 306 லட்சம் டன்னாக இருந்த யூரியா விற்பனை, 2023-24-ல் சுமார் 357 லட்சம் டன்னைத் தொட்டது. காரணம் விலை. 45 கிலோ மூட்டை ரூ.266.50-தான். மற்ற உரங்கள் அதைவிடப் பல மடங்கு விலை.

ஒரு மூட்டையில் சுமார் 20.7 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. அதில் 1% வாயுவாகும் என்பது ஐபிசிசியின் பொதுவான மதிப்பீடு. கணக்குப் போட்டால், ஒரு மூட்டை யூரியா சுமார் 90 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்.

அதற்காக மானியத்தை ஒரேயடியாக வெட்டினால் அடிபடுவது சிறு விவசாயிதான். சீனாவில் ஹெக்டேருக்கு உரம் நம்மைவிட அதிகம் என்பதால், குறைக்கவும் அவர்களுக்கு இடம் இருந்தது.

ஆம்பூர் எங்கே வருகிறது?

தோலிலிருந்து முடி நீக்கும்போது புரதம் கரைந்து கழிவுநீரில் சேரும். பிறகு சுண்ணாம்பை நீக்க அம்மோனியம் உப்புகள் போடுவார்கள். இரண்டுமே நைட்ரஜன். சுத்திகரிப்பு நிலையத்தில் அதை நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது, ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாக மேலே போகிறது. வயலோடு ஒப்பிட்டால் இது சின்னப் பங்குதான். ஆனால் குறைக்க வழி இருக்கிறது: அம்மோனியம் உப்புக்குப் பதில் கரியமில வாயுவால் சுண்ணாம்பை நீக்கலாம். இதனால் கழிவுநீரில் அம்மோனியாவும் குறையும்.

'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதிப்படுத்தியதே, 1996-ல் இந்த வேலூர் டேனரிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புதான். 2025 ஜனவரியிலும் பாலாறு பாதிப்புக்கு இழப்பீடு தர நீதிமன்றம் உத்தரவிட்டது. இதுவரை பேச்செல்லாம் தண்ணீரையும் மண்ணையும் பற்றியே. அதே நைட்ரஜன் காற்றுக்கும் போகிறது. தொட்டிக்கு வருவதற்கு முன்பே அதைக் குறைத்தால், பாலாற்றுக்கும் லாபம், வானத்துக்கும் லாபம்.