தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரா?

பவளத் தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் சந்தித்துக்கொண்டால் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "உன் தொட்டியில் நைட்ரேட் எவ்வளவு?" "பூஜ்யம்" என்பவருக்குத் தனி மரியாதை. நானும் அந்த மரியாதைக்கு ஆசைப்பட்டவன்தான். இன்றோ அந்தப் பூஜ்யத்தை ஒரு குறை என்றே கருதுகிறேன். காரணத்தைச் சொல்கிறேன்.

மீனுக்குப் போடும் உணவு கழிவாகி, அம்மோனியாவாகி, நைட்ரேட்டாகத் தங்கிவிடுகிறது. கூடவே பாஸ்பேட்டும் சேர்கிறது. இரண்டும் மிகுந்தால் பாசி படரும், பவளம் நலியும். இதற்கு ஒரு வழி, நீரில் சிறிதளவு வோட்காவோ வினிகரோ சர்க்கரையோ சேர்ப்பது. கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். உள்ளே இருப்பது நல்ல அறிவியல். தொட்டியிலுள்ள பாக்டீரியாக்களுக்கு நைட்ரஜனும் பாஸ்பரசும் தாராளமாகக் கிடைக்கின்றன, பற்றாக்குறை கார்பனுக்குத்தான். அதைக் கொடுத்தால் அவை பெருகி, மற்ற இரண்டையும் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு, ஸ்கிம்மர் என்னும் நுரைக்கருவி அவற்றில் ஒரு பகுதியை நுரையோடு வெளியேற்றிவிடும்.

வோட்கா வாங்கினால் அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதால் நான் வினிகரைத் தேர்ந்தெடுத்தேன். 200 லிட்டர் தொட்டிக்கு நாளொன்றுக்கு 2 மில்லிலிட்டரில் தொடங்கி, மெல்ல மெல்ல 10 வரை உயர்த்தினேன். மூன்று வாரம் ஆகியும் எண் அசையவில்லை. பொறுமை இழந்து, ஒரே நாளில் 30 மில்லிலிட்டர் ஊற்றிவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் பார்த்தால் தொட்டி பால் கலந்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து தவித்தன. திடீரெனப் பெருகிய பாக்டீரியாக்கள் நீரிலிருந்த உயிர்வளியை எல்லாம் உண்டுவிட்டன. நம் ஊர் வெப்பத்தில் நீர் உயிர்வளியைக் குறைவாகத்தான் தாங்கும். இரவில் ஒளிச்சேர்க்கையும் கிடையாது. காற்றுக்குழாய் வைத்து, பாதி நீரை மாற்றியும் இரண்டு மீன்களை இழந்தேன்.

அடுத்த மாதம் நைட்ரேட் பூஜ்யத்தைத் தொட்டது. நீர் கண்ணாடிபோல் தெளிந்தது. ஆனால் பவளங்கள் நாளுக்கு நாள் வெளிறின. அவற்றின் திசுக்களுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள்தாம் பவளத்துக்குச் சோறு போடுகின்றன. அந்த நுண்பாசிகளுக்கும் நைட்ரஜனும் பாஸ்பரசும் வேண்டும் என்பதை அப்போதுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அழுக்கை அகற்றுவதாக நினைத்து, நான் உணவையே அகற்றியிருக்கிறேன்!

கார்பன் சேர்ப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. இன்றும் சேர்க்கிறேன். ஆனால் அது முதல் மருந்தன்று, கடைசி மருந்து. முதலில் உணவைக் குறைக்க வேண்டும். மீன்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். வாரந்தோறும் நீரை மாற்ற வேண்டும். இவற்றைச் செய்யச் சோம்பி வினிகரை ஊற்றுவது, பாடம் படிக்காமல் தேர்வுக்கு முதல் நாள் குறிப்புகளை விழுங்குவதற்குச் சமம். சேர்த்தே ஆக வேண்டுமென்றால் நல்ல ஸ்கிம்மர் வேண்டும், வாராந்திரச் சோதனை வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுமை வேண்டும். என் தொட்டியில் இப்போது நைட்ரேட்டை லிட்டருக்கு 5 மில்லிகிராம் அளவில் நிறுத்தி வைத்திருக்கிறேன். கண்ணாடியில் கொஞ்சம் பாசி படிகிறது. துடைத்துக்கொள்கிறேன். பவளங்களுக்கு நிறம் திரும்பியிருக்கிறது.

இதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. நம் கடைகளில் விற்கும் பவளங்களில் பல இந்தோனேசியக் கடலிலிருந்து வருபவை. கற்பவளங்களின் அனைத்துலக வாணிகத்தைச் சைட்டிஸ் உடன்படிக்கை கட்டுப்படுத்துகிறது. கடலிலிருந்து பெயர்த்து வந்த ஓர் உயிரை நம் வரவேற்பறையில் வைத்திருக்கிறோம். அந்த உயிர் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, சோதனைக் குப்பியில் தெரியும் எண்ணை மட்டும் பார்ப்பது நியாயமா?

அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சு என்பதைச் சிறு வயதிலேயே படித்துவிட்டோம். அளவுக்குக் குறைந்தாலும் அப்படித்தான் என்பதை எனக்குக் கற்பித்தவை அந்த வெளிறிய பவளங்கள்.