விசாவுக்கு மட்டுமா பிரெஞ்சு?

வெள்ளவத்தைப் பிள்ளைக்கு விசாவுக்கான பிரெஞ்சு போதும், களனிப் பல்கலைக்கழகத்தில் வருடக்கணக்காக அதைப் படிப்பது வீண் என்கிறார் நண்பர். முழுத் தவறு.

பிரெஞ்சை ஆழக் கற்ற வெ. ஸ்ரீராம் இருந்ததால்தான் காம்யுவின் 'அந்நியன்' நாவல் 1980இல் மூலத்திலிருந்து நேரே தமிழுக்கு வந்தது. 2015இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை வென்ற 'தீபன்' எங்கள் ஈழத்தமிழ் அகதிகளின் கதை. நடித்தவர் எங்கள் எழுத்தாளர் ஷோபாசக்தி, இயக்கியவர் பிரெஞ்சுக்காரர். எங்கள் துயரத்தைப் பிரெஞ்சில் நாங்களே எழுத வேண்டாமா?

கொட்டாஞ்சேனை அம்மம்மாக்களுக்குப் பாரிஸில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பலருக்குத் தமிழ் வாசிக்க வராது. எங்கள் கவிஞர் மஹாகவியையும் எழுத்தாளர் எஸ்.பொ.வையும் அவர்களுக்குப் பிரெஞ்சில் யார் கொடுப்பது? அதற்கு இலக்கியம் படித்தவர் வேண்டும், நண்பரே. ஆறு மாத வகுப்பு காணாது.