முத்து இல்லம்மா, ஆறுமுகம்

கடந்த வாரம் காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன்: "உங்களுக்குப் பிடித்த மலேசியக் காற்பந்து வீரர் யார்?"

கல்லூரி மாணவர் ஒருவர் அழைத்தார். "ஓலா போலா படத்துல வர்ற கோல் காவலர் முத்து!" என்றார். அடுத்த அழைப்பு, கிள்ளானிலிருந்து ஓர் ஐயா. "முத்து இல்லம்மா, ஆறுமுகம். முத்து சினிமாவுக்கு வச்ச பேரு. அன்னைக்கு நான் மெர்டேக்கா அரங்கத்துல இருந்தேன்" என்றார். மேலே கேட்பதற்குள் செய்தி நேரம் வந்துவிட்டது.

அவர் சொன்ன 'அன்னைக்கு', 1980 ஏப்ரல் மாதம். மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கான தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். எதிரணி தென் கொரியா. நாடு சுதந்திரம் அறிவித்த அதே அரங்கில், ஹசான் சானி தந்த பந்தை ஜேம்ஸ் வோங் வலைக்குள் தள்ள, 2-1 என்று வென்றோம். சோ சின் ஆன், சந்தோக் சிங் தற்காப்பில். அவர்களுக்குப் பின்னால் கோல் கம்பத்தில் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகள் இருந்ததால் ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஸ்பைடர்மேன்'.

வென்றார்கள்; ஆனால் போகவில்லை. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானில் நுழைந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் மாஸ்கோவைப் புறக்கணித்தன. மலேசியாவும் அதில் ஒன்று. நம் இடத்தில் ஈராக் ஆடியது.

அரசியல் காரணம் நியாயமானதாகவே இருக்கட்டும். அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் அந்த விளையாட்டாளர்கள். ஒரு காற்பந்து வீரரின் உச்சகாலம் மிஞ்சினால் பத்து ஆண்டு. அதில் ஒலிம்பிக் வாய்ப்பு ஒருமுறை வந்தாலே பெரிது.

அதற்கு முன் நாம் ஒலிம்பிக்கில் ஆடியது ஒரே முறை. 1972 மியூனிக்கில், எம். சந்திரன் தலைமையில் சென்ற குழு அமெரிக்காவை 3-0 என்று வென்றது. 1980-க்குப் பிறகு இன்றுவரை அந்த வாசல் நமக்குத் திறக்கவில்லை. ஆறுமுகம் 1988-இல் சாலை விபத்தில் இறந்தார். ஓலா போலா திரைக்கு வந்தது 2016-இல். தன்னை நினைவூட்டும் பாத்திரத்துக்கு அரங்கமே கைதட்டியதைப் பார்க்க அவர் இல்லை.

2010-ஐ நினைத்துப் பாருங்கள். கே. ராஜகோபால் பயிற்றுவித்த குழு, சுசூகி கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவிடம் 1-5 என்று உதை வாங்கியது. அதே இந்தோனேசியாவை இறுதிச் சுற்றின் இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 4-2 என்று வென்று கிண்ணத்தோடு திரும்பியது. டிசம்பர் 31 நாடு முழுவதும் பொது விடுமுறை. நம்மில் பலருக்கு அந்த விடுமுறை நன்றாகவே நினைவிருக்கும். 1980 குழுவுக்குக் கிடைத்தது, 'பயணம் இல்லை' என்ற தகவல்.

படத்தைக் குறை சொல்லவில்லை. அது வராவிட்டால் அந்த மாணவருக்கு முத்துவும் தெரிந்திருக்காது. ஆனால் படத்தில் வராத விஷயங்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன. அன்று அரங்கத்தில் இருந்தவர்கள், வானொலியில் வர்ணனை கேட்டவர்கள், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி முன் குந்தியிருந்தவர்கள். அவர்களுக்கு இன்று அறுபது, எழுபது வயது.

இந்த ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தாத்தாவிடமோ மாமாவிடமோ கேளுங்கள்: "1980-இல் கொரியாவை ஜெயித்த அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" பதிலைக் கைப்பேசியில் பதிவு செய்து வையுங்கள்.

கிள்ளான் ஐயா, இதைப் படித்தால் மறுபடியும் அழையுங்கள். இந்த முறை செய்திக்கு முன்பே அழைத்துவிடுங்கள்.