காந்தியின் புதல்வர்கள்

மகாத்மா காந்தி மறைந்த மறு வருஷம், அதாவது 1949-ல், பிரேஸில் தேசத்தின் ஸால்வடார் துறைமுகத்தில், கப்பல்களில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளிகள் சிலர் ஒரு கோஷ்டி சேர்த்தார்கள். தவக்காலத்துக்கு முன்னால் அந்நாட்டார் கொண்டாடும் கார்னிவல் திருவிழாவில், வெள்ளை உடுத்து, வெள்ளைத் தலைப்பாகை கட்டி, மேளம் முழக்கிப் பாடிக்கொண்டு வீதிவலம் வந்தார்கள். கோஷ்டிக்கு அவர்கள் சூட்டிய பெயர் "பில்யூஸ் டி காந்தி". "காந்தியின் புதல்வர்கள்" என்பது அதன் பொருள்.

காந்தியடிகளுக்கும் கார்னிவல் மேளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். அந்த மேளத்தின் சரித்திரத்தை அறிந்தால் விடை தானே விளங்கும்.

ஆப்பிரிக்காவிலிருந்து 40 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் பிரேஸிலுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். ஊர் போயிற்று, உறவு போயிற்று, பெற்றோர் இட்ட பெயரும் போயிற்று. உள்ளத்தில் ஒளித்துக் கொண்டுவந்த தாளம் மட்டும் போகவில்லை. 1888-ல் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் தாளத்துக்கு விடுதலை கிட்டவில்லை. "கண்டோம்பிளே" என்னும் அவர்களுடைய வழிபாட்டில், மேள முழக்கமே தெய்வத்தை அழைக்கும் மந்திரம். அந்த வழிபாட்டு ஸ்தலங்களில் போலீஸார் புகுந்து மேளங்களைப் பறிமுதல் செய்ததுண்டு. ஸால்வடாரைத் தலைநகராகக் கொண்ட பஹியா மாகாணத்தில், வழிபாட்டுக்குப் போலீஸ் அனுமதி பெறவேண்டும் என்ற விதி 1976-ல்தான் நீங்கியது.

அத்தகைய காலத்திலே, அத்தொழிலாளிகள் கோயில் தாளத்தை நடுவீதிக்குக் கொண்டு வந்தார்கள். "இஜெஷா" என்னும் அந்தத் தாளம் நிதானமானது. "அகோகோ" என்ற இரட்டை மணி காலம் காட்ட, மேளங்கள் அதைத் தொடரும். பாட்டோ முன்னோர்களின் யொரூபா மொழியில். வெள்ளை உடை காந்தியடிகளை நினைவூட்டியது. அவர்கள் போற்றும் ஒஷாலா என்னும் தெய்வத்துக்கு உகந்த நிறமும் வெண்மையே. ஓர் ஆடையில் இரு பக்தி!

இடையில் இக்கோஷ்டி நலிவுற்றது. ராணுவ ஆட்சியால் நாடு கடத்தப்பட்டு 1972-ல் திரும்பிய பாடகர் ஜில்பெர்ட்டோ ஜில், அதில் தாமே சேர்ந்து, அதன் பேரில் பாட்டும் இயற்றி, புத்துயிர் ஊட்டினார். பிற்காலத்தில் அவர் பிரேஸிலின் கலாசார மந்திரியாகவும் விளங்கினார். 1974-ல் "இலே ஐயே", 1979-ல் "ஓலோடும்" என்று வேறு கோஷ்டிகளும் தோன்றின. கறுப்பு நிறமே அழகு என்று பாடிய இலே ஐயேயின் மீது, பத்திரிகை ஒன்று இனத்துவேஷப் பழி சுமத்தியது. நெடுங்காலம் தாழ்த்தப்பட்டவன் தலை நிமிர்ந்தால், பார்ப்பவர்களுக்கு அது கர்வமாகத்தான் தோன்றும் போலும்! ஓலோடும் மேளம் முழக்கும் இடத்துக்கு "பெலோரின்யோ" என்று பெயர். அடிமைகளைக் கட்டிச் சவுக்கால் அடித்த தூணைக் குறிக்கும் சொல் அது.

இதில் என் மனத்தைக் கவர்ந்த விஷயம் ஒன்றுண்டு. அந்தத் தொழிலாளிகள் நம்மிடமிருந்து ஒரு பெயரை வாங்கிக்கொண்டார்கள், பாட்டை வாங்கவில்லை. எந்த நாட்டு மகானையும் தந்தையாகக் கொள்ளலாம். பாடுவது மட்டும் தாய் தந்த குரலில் பாடவேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். சுயமரியாதைக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

மகாத்மாவை நாம் சிலையிலும் தபால் தலையிலும் வைத்திருக்கிறோம். மூட்டை சுமந்த அம்மக்கள் அவர் பெயரைச் சொல்லி நிமிர்ந்து நடந்தார்கள். காந்தியின் புதல்வர்கள் என்று சொல்லிக்கொள்ள யாருக்கு உரிமை அதிகம்? நேயர்களே சிந்திக்கட்டும்.