ஆட்டத்திற்கும் ஓர் எல்லை

சென்னை மாநகரின் தெற்கே, ஏரியும் சதுப்பு நிலமும் அருகருகே கிடக்கும் இடத்தில் பெரும்பாக்கம் என்னும் ஊர் உள்ளது. நெய்தல் நிலத்து ஊர்களைப் பாக்கம் என்று அழைப்பது பழந்தமிழ் வழக்கு. நீர்வளம் மிக்க அவ்வூரில் இன்று எட்டடுக்குக் கட்டடங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அடையாறு, கூவம் ஆகிய ஆறுகளின் கரையில் வாழ்ந்த குடும்பங்கள் பல, 2015ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பின் அங்கே குடியேற்றப்பட்டன. அங்குள்ள சிறு வீடுகள் ஏறத்தாழ இருபதாயிரம். பெற்றோர் பலர் காலையில் நகரத்திற்கு வேலைக்குச் சென்று, இருட்டிய பின்பே திரும்புகின்றனர்.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொள்ளைநோய் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் கேட்பதற்கென்று ஏழை வீடுகளிலும் கைப்பேசி நுழைந்தது. கடன்பட்டு வாங்கியவரும் உண்டு. பின்னர்ப் பள்ளிகள் திறந்தன. கைப்பேசியோ வீட்டிலேயே தங்கிவிட்டது. இன்று அத்தகைய குடியிருப்புகளின் படிக்கட்டுகளில், மாலை வேளையில், சிறுவர் நால்வர் ஐவர் தலைகுனிந்து அமர்ந்திருக்கக் காணலாம். ஒருவர் முகத்தை ஒருவர் நோக்குவதில்லை. ஆயினும் அவர்கள் ஒன்றுகூடி விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்!

இக்காட்சியைக் கண்டு, 'பிள்ளைகள் கெட்டுவிட்டார்கள்' என்று கூறுவோர் பலர். அக்கூற்று எனக்கு உடன்பாடன்று. விளையாட்டு இளமைக்கு இயற்கை. வீடியோ விளையாட்டிலும் கூர்மையான பார்வையும், விரைந்த முடிவும், தோழரோடு ஒத்துழைக்கும் திறமும் வேண்டப்படுகின்றன. சீன நாட்டின் ஹாங்சோ நகரில் 2023ஆம் ஆண்டு நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுகளுக்கும் பதக்கம் வழங்கப்பட்டது. ஆகவே, ஆடலாமா, ஆடக்கூடாதா என்று வழக்காடுவதில் பயனில்லை. எப்போது நிறுத்துவது என்பதே வினா.

மாணவர்களே, நம் பழைய விளையாட்டுகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். சடுகுடு ஆடுபவன் ஒரே மூச்சில் பாடிச் செல்கிறான். மூச்சு முடிவதற்குள் தன் பக்கம் திரும்பியாக வேண்டும். பம்பரம் எவ்வளவு விசையோடு சுழன்றாலும் இறுதியில் தலைசாய்ந்து விழுகிறது. பந்தாடுவோரைப் பொழுது சாய்ந்து பிரிக்கிறது. இருளில் பந்து கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆட்டத்தின் முடிவு அந்த ஆட்டத்திற்குள்ளேயே அமைந்திருந்தது. ஆடுபவன் தன்னடக்கம் உடையவன் அல்லன் ஆயினும், மூச்சோ, மூட்டுவலியோ, அன்னையின் குரலோ அவனை வீட்டிற்கு அனுப்பிவிடும்.

முதன்முதல் வந்த வீடியோ விளையாட்டுகளிலும் இவ்வெல்லை ஒருவாறு இருந்தது. ஜப்பான் நாட்டில் 1978ஆம் ஆண்டு வெளிவந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் ஆட்டத்தைக் கடைகளில் நாணயம் இட்டு ஆடினர். பையில் இருந்த காசு தீர்ந்தால் ஆட்டமும் தீர்ந்தது. இன்றைய கைப்பேசி ஆட்டங்களுள் பல காசு கேளாமலே தொடங்குகின்றன. அவை கேட்பது நேரத்தை. காசு பின்னர் வருகிறது. ஓர் ஆட்டம் முடிந்த மறுகணமே அடுத்தது காத்து நிற்கிறது. நாள்தோறும் வருவோர்க்குப் பரிசு உண்டு. ஒருநாள் தவறினால் சேர்த்த வரிசை அறுந்துபோகும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பரிசுப் பெட்டிகளும் உண்டு. பெல்ஜியம் நாட்டு அதிகாரிகள் 2018ஆம் ஆண்டில், பணம் கொடுத்துத் திறக்கும் அத்தகைய பெட்டிகள் சூதாட்டத்தின் பாற்பட்டவை என்றே முடிவு செய்தனர்.

இதன் உட்பொருளை அமெரிக்க உளவியலறிஞர் ஸ்கின்னர் என்பார் நெடுநாட்களுக்கு முன்பே ஆராய்ந்தார். கூண்டிலுள்ள புறா ஒரு வில்லையைக் கொத்தினால் தீனி விழும். இத்தனை முறை கொத்தினால் தீனி என்று கணக்கு இருந்தால், புறா தீனி பெற்றபின் சற்று ஓய்கிறது. எப்போது விழும் என்று தெரியாதபடி அமைத்துவிட்டாலோ, அது ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கிறது! 1957ஆம் ஆண்டில் அவர் மற்றோர் அறிஞரோடு சேர்ந்து வெளியிட்ட நூலில் இவ்வாராய்ச்சிகள் விரிவாக உள்ளன. 'இன்னும் ஒரே ஓர் ஆட்டம்' என்று நள்ளிரவில் முணுமுணுக்கும் சிறுவன் அறிவிலி அல்லன். கற்றவர் பலர் கூடி அமைத்த கூண்டின் முன் அவன் தனியே அமர்ந்திருக்கிறான். இதை அறியாமல் அவனை மட்டும் கடிந்துகொள்வது நேர்மையாகாது.

ஆட்டத்தினின்று எழ முடியாமை புதிய நோயும் அன்று. சூதின் தீமையை அறிந்தே தருமன் ஆடினான், நாட்டை இழந்தான், தம்பியரை இழந்தான், அப்போதும் எழவில்லை. அறிவு இருந்தது, எழும் ஆற்றல் இல்லை. வள்ளுவர் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தவர். சூதுக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். உலக நலவாழ்வு நிறுவனம் 2019ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' இடம்பெற்றுள்ளது. அதற்கு இலக்கணம் கூறும்போது, நாளொன்றுக்கு இத்தனை மணிநேரம் என்று அந்நிறுவனம் அளவு குறிக்கவில்லை. ஆட்டத்தின்மேல் கட்டுப்பாடு இழத்தல், பிற கடமைகளினும் ஆட்டத்தையே பெரிதாகக் கருதுதல், தீங்கு நேர்ந்த பின்னும் தொடர்தல் என்பனவே அது கூறும் அடையாளங்கள். பொதுவாக ஓராண்டேனும் இந்நிலை நீடித்தால்தான் நோய் எனத் துணிவர். ஆதலால், விடுமுறை நாளில் சில மணிநேரம் ஆடிய பிள்ளையை நோயாளி என்று அழைத்தல் தவறு.

சட்டம் இதற்குத் துணை செய்யாதா என்று கேட்கலாம். ஓரளவே செய்யும். பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைப் பதினெட்டு வயது நிரம்பாதவர் ஆடலாகாது என்றும், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை எவரும் ஆடலாகாது என்றும் 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் விதிகள் வந்தன. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் நாடாளுமன்றம் அத்தகைய பண விளையாட்டுகளையே நாடு முழுவதும் தடை செய்து சட்டம் இயற்றியது. இவை பணத்தைக் காக்கும். இரவில் போன உறக்கத்தை எந்தச் சட்டம் மீட்டுத் தரும்? தென்கொரிய நாட்டில் பதினாறு வயதிற்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டு ஆடலாகாது என்று 2011ஆம் ஆண்டு சட்டம் வந்தது. பெற்றோர் பெயரில் நுழைந்து ஆடிய பிள்ளைகள் உண்டு. கைப்பேசி விளையாட்டுகளையோ அச்சட்டம் பெரும்பாலும் தொடவே இல்லை. 2022ஆம் ஆண்டு அது கைவிடப்பட்டது.

ஆட்டத்தை அமைத்தவர் முடிவு வைக்கவில்லை எனின், ஆடுபவனே முடிவு வைத்தல் வேண்டும். அதை ஆட்டத்தின் நடுவே செய்தல் அரிது. அப்போது மனம் தன் வசத்தில் இராது. தொடங்குமுன் செய்தல் எளிது. 'அரைமணி நேரம்' என்பதினும் 'இரண்டு ஆட்டம்' என்பது நன்று. பாதியில் எழுந்தால் உடனாடும் தோழர் தோற்பர், அவர்களுக்கு இரங்கியே பலர் எழுவதில்லை. எண்ணிக்கையைத் தோழரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். வா வா என்று அழைக்கும் அறிவிப்பு ஒலியை அணைத்துவிடலாம். படுக்கும்போது கைப்பேசி கைக்கெட்டாத இடத்தில் இருத்தல் நலம். ஒரே அறையுள்ள வீட்டில் இது கடினமே. அன்னையின் தலைமாட்டில் வைக்கலாம்.

பெரியோர்க்கும் இதில் ஒரு கடன் உண்டு. பல்லாயிரம் வீடுகளைக் கட்டுவோர், அவ்வீடுகளில் பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதை மறக்கலாகாது. எட்டாம் மாடியில் வாழும் சிறுவன் இறங்கிவந்தால் ஓடியாட ஒரு திடல் வேண்டும். சிறுமியரும் அஞ்சாமல் ஆடத்தக்க திடலாக அது இருத்தல் வேண்டும். அங்கே பெரிய கருவிகள் வேண்டா; ஒரு பந்து போதும். பொழுது சாய்ந்ததும் பந்து கண்ணுக்குத் தெரியாமற் போகும். எவரும் அழையாமலே பிள்ளைகள் வீட்டிற்குப் படியேறுவர்.