படிக்கட்டு யாருக்கு?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவன்)

ஒரு கட்டடத்தின் பயனைக் கட்டியவர் மட்டுமா முடிவு செய்கிறார்? பயன்படுத்துகிறவருக்கும் அதில் பங்கு உண்டு என்பதே என் கருத்து. இதற்குச் சான்றாக மேலைநாட்டு ஸ்கேட்போர்டு விளையாட்டை எடுத்துக்கொள்கிறேன்.

நான்கு சிறு சக்கரங்கள் பூட்டிய பலகை, அவ்வளவுதான் கருவி. 1970களில் தரையை நன்கு பற்றும் யூரித்தேன் சக்கரம் வந்தது. உராய்வு கைகொடுத்தது; சரிவும் சுவரும் ஆடுகளமாயின. 1976-77 வறட்சியில் கலிபோர்னியாவில் நீரின்றிக் கிடந்த நீச்சல் குளங்களின் வளைந்த சுவர்களில் இளைஞர்கள் ஏறி இறங்கினர். கட்டியவர் கனவிலும் எண்ணாத பயன் அன்றோ அது!

இலண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் 1967-இல் குயீன் எலிசபெத் அரங்கம் திறக்கப்பட்டது. அதன் அடியில் தூண்களும் கான்கிரீட் சரிவுகளும் கொண்ட வெற்றிடம். யாருக்கும் வேண்டாத அந்த இடத்திற்கு 1970களில் உயிர் கொடுத்தவர்கள் பலகை இளைஞர்கள். 2013-இல் அதைக் கடைகளாக மாற்றத் திட்டம் வந்தது. ஆயிரக்கணக்கானோர் எதிர்த்தனர். 2014-இல் உடன்பாடு ஏற்பட்டு இடம் காக்கப்பட்டது.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் முடிவு வேறு. 1965-இல் அமைந்த லவ் பூங்காவின் கருங்கல் விளிம்புகள் ஸ்கேட்போர்டு உலகில் பெரும்புகழ் பெற்றவை. நகராட்சி அங்கே தடை விதித்தது. பூங்காவுக்கு மூல வரைவு தந்த எட்மண்ட் பேக்கன் 2002-இல், தம் 92-ஆம் வயதில், பிறர் தாங்கிப் பிடிக்கப் பலகை மீது ஏறி நின்று தடையை எதிர்த்தார். படைத்தவரே பயன்படுத்துகிறவர் பக்கம் நின்றார்! ஆயினும் பழைய பூங்கா நிலைக்கவில்லை. 2016-இல் இடிக்கப்பட்டு, 2018-இல் புது உருவில் திறக்கப்பட்டது.

கல் தேய்கிறது, முதியோர் அஞ்சுகின்றனர் என்பர். அது உண்மைதான். விளிம்புக்கு இரும்புப் பட்டை பதிக்கலாம்; விளையாட நேரம் வகுக்கலாம். அதை விடுத்து, பலகை வழுக்காதிருக்க விளிம்புதோறும் உலோகக் குமிழ் அடித்து வைப்பது தீர்வாகுமா? அது கல்லைக் காக்கலாம், ஊரைக் காக்குமா? காசு கொடுத்து வாங்க வருபவனுக்கு வாசல், காசின்றி விளையாட வருபவனுக்குத் தடை என்றால் அதைப் பொது இடம் என்று எப்படிச் சொல்வது?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். "உனக்கு இங்கே இடமில்லை" என்று எந்தச் சுவரிலும் எழுதியிருக்க வேண்டியதில்லை. எழுதாமலே சிலரை வெளியே நிறுத்தும் ஆற்றல் கட்டடங்களுக்கு உண்டு. ஆகவே நாளைய பொறியாளர்களாகவும் அதிகாரிகளாகவும் ஆகவிருக்கும் நண்பர்களே, ஒரு படிக்கட்டுக்கு வரைபடம் போடும் முன், அதில் ஏறுகிறவரை மட்டுமல்ல, அமர்கிறவரையும் ஆடுகிறவரையும் எண்ணிப் பாருங்கள். கல்லை அடுக்குவது கொத்தன் வேலை. அதை ஊராக்குவது மக்கள் வேலை.